கம்பத்தில் தொங்கும் கடன்

2001 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்கப் பெருநகரங்கள் சிலவற்றில் சுமார் 51,000 பேருக்கு இணையம் நின்றுபோனது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மெட்ரிகாம் நிறுவனம், ‘ரிகோஷே’ என்ற பெயரில் நடத்திவந்த கம்பியில்லா இணையச் சேவையை அன்று அணைத்துவிட்டது. ஜூலை 2-ஆம் தேதியே திவால் மனு போட்டாகிவிட்டது. கடன் சுமார் 100 கோடி டாலர். பணியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள், அலுவலகங்கள் பூட்டப்பட்டன. தெருவிளக்குக் கம்பங்களில் மாட்டியிருந்த ஆயிரக்கணக்கான பெட்டிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கழற்ற ஆளும் இல்லை, ஆளுக்குக் கூலி கொடுக்கப் பணமும் இல்லை.

ஷூ டப்பா அளவுதான் அந்தப் பெட்டி. அதை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் சாமர்த்தியம். அமெரிக்கத் தெருவிளக்குகளின் தலையில் ஒரு சின்ன ஒளியுணரி இருக்கும். இருட்டியதும் விளக்கை எரியவிட்டு, விடிந்ததும் அணைப்பது அதன் வேலை. அந்த உணரியைச் செருகும் இடத்திலிருந்தே மெட்ரிகாம் பெட்டி தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டது. புதிதாக வயர் இழுக்க வேண்டாம், பள்ளம் தோண்ட வேண்டாம். ஏணி வண்டியில் ஓர் ஆள் ஏறினால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. கால் மைலுக்கோ அரை மைலுக்கோ ஒன்று என ஊர் முழுக்க மாட்டினார்கள். பயனாளரின் மோடத்திலிருந்து கிளம்பும் தகவல் பக்கத்துக் கம்பத்துக்குப் போகும். அங்கிருந்து கம்பம் கம்பமாகத் தாவி, கேபிள் இணைப்புள்ள நிலையத்தில் போய் இறங்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் தான் நிற்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரியும். போக வேண்டிய திசையைப் பார்த்து அதுவே வழியைத் தேர்ந்துகொள்ளும். நடுவில் ஒரு கம்பத்தை லாரி இடித்துச் சாய்த்தாலும் தகவல் சுற்றுவழியில் போய்ச் சேர்ந்துவிடும்.

1985-இல் தொடங்கியபோது மெட்ரிகாம், மின்சார நிறுவனங்கள் போன்றவற்றுக்கு ரேடியோ கருவி விற்ற கம்பெனி. 1994-இல் பொதுமக்கள் பக்கம் திரும்பியது. முதலில் கொடுத்த வேகம் நொடிக்கு 28.8 கிலோபிட், 2000-இல் அது 128 ஆனது. காபிக் கடைகளில் வைஃபை பரவாத அந்தக் காலத்தில், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து மின்னஞ்சல் பார்க்க முடிந்தது பெரிய விஷயம்தான். மைக்ரோசாஃப்டின் இணை நிறுவனர் பால் ஆலனின் முதலீட்டு நிறுவனமும் வேர்ல்ட்காமும் சேர்ந்து 1999-இல் 60 கோடி டாலர் தர முன்வந்தன. 2000-இன் தொடக்கத்தில் பங்கு விலை நூறு டாலரைத் தாண்டியது. நாற்பதுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குத் திட்டம் போட்டார்கள். மாதம் எழுபது, எண்பது டாலர் கட்ட எத்தனை பேர் தயார் என்ற கணக்கு மட்டும் உதைத்தது. பெட்டிகள் ஏறிய வேகத்தில் சந்தாதாரர்கள் வந்து சேரவில்லை.

ஏலம் நடந்தது. டென்வர் நகரத்தின் ஏரி நெட்வொர்க்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2001 நவம்பரில் ரிகோஷேயின் சொத்துகளை 82.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. பல நகரங்களின் கம்பப் பெட்டிகள், மோடங்கள், மென்பொருள், பெயர் எல்லாமே அதற்குள் அடக்கம். கடன் தொகையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

பெட்டிகள் கெட்டுப்போகவில்லை. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தவைதான். பிறகு ஏன் இந்த விலை?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்குதான். ஒரு பெட்டியைக் கீழே இறக்க ஏணி வண்டி வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், பரபரப்பான தெருவில் போக்குவரத்தை ஒதுக்கிவிட அனுமதி வேண்டும். இறக்கிய பிறகு அதை யாருக்கு விற்பது? ரிகோஷே பெட்டி ரிகோஷே பெட்டியோடுதான் பேசும். இன்னொரு கம்பெனி அதை வாங்கித் தன் நெட்வொர்க்கில் சேர்க்க முடியாது. மேலே இருக்கும்வரை அது ஒரு வலைப்பின்னலின் கண்ணி. கீழே வந்துவிட்டால் கொஞ்சம் அலுமினியம், கொஞ்சம் சர்க்யூட் போர்டு.

தவிர, தொங்கும் பெட்டி ஒருவருக்கே சொந்தமும் இல்லை என்று சொல்லலாம். பெட்டி கம்பெனியுடையது, அதன் மீதான பிடி கடன் கொடுத்தவர்களுடையது. கம்பம் மாநகராட்சியுடையதாக இருக்கும், அல்லது மின்சார நிறுவனத்துடையதாக. கம்பத்தில் பெட்டி வைத்துக்கொள்ளும் உரிமை ஓர் ஒப்பந்தம். அது கம்பெனி உயிரோடு இருந்து வாடகை கட்டும்வரைதான் செல்லும். கம்பெனி விழுந்ததும் இந்த நாலு பேரும் நாலு பக்கம் பார்ப்பார்கள். அமெரிக்கத் திவால் சட்டத்தில் ஒரு வசதியும் உண்டு. வரவைவிடச் செலவு அதிகம் வைக்கும் சொத்தை, நீதிமன்றத்தின் கண்காணிப்பில், ‘கைவிட்டோம்’ என்று நிர்வாகி ஒதுங்கிவிடலாம். பாழடைந்த கட்டடங்களுக்கும் பழுதான இயந்திரங்களுக்கும் காலங்காலமாகப் பயன்பட்டுவரும் ஏற்பாடு இது. கம்பத்துப் பெட்டிக்கும் பொருந்தும்.

அணைத்து ஒரு மாதம் சற்றுக் கடந்திருந்த நிலையில், சூட்டோடு ஒரு சம்பவம். செப்டம்பர் 11-இல் நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்தன. மன்ஹாட்டனின் தென்முனையில் தொலைபேசி இணைப்பகம் சேதமாகி, தொடர்புகள் அறுந்து கிடந்தன. அந்தப் பகுதிக் கம்பங்களிலும் ரிகோஷே பெட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. வேலை இழந்த மெட்ரிகாம் ஊழியர்கள் சிலர் தாங்களாகவே கிளம்பிப் போய், நெட்வொர்க்கின் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி உயிர்ப்பித்து, மீட்புப் பணியாளர்களுக்கு மோடங்களைக் கொடுத்தார்கள். திவால் கணக்கில் சுமையாக எழுதப்பட்டிருந்த பெட்டிகள்தான். கழற்றாமல் விட்டிருந்ததால் வேலைக்கு வந்தன.

ஏரி நெட்வொர்க்ஸின் எண்ணமும் அதுதான்: பெட்டி ஏற்கெனவே மேலே இருக்கிறது, கட்டுமானச் செலவு இன்னொருவர் தலையில் போய்விட்டது, இனி நடத்தும் செலவு மட்டும்தான். 2002-இல் டென்வரிலும் சான் டியாகோவிலும் சேவை திரும்ப வந்தது, பழையதைவிடக் குறைந்த கட்டணத்தில். ஆனால் மற்ற நகரங்களில் ஒவ்வொரு மாநகராட்சியோடும் புதிதாகப் பேசி, பழைய பாக்கியைத் தீர்த்து, ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. அதற்குள் காலம் மாறிவிட்டது. கேபிள் இணையம் வீடுகளுக்கு வந்தது, வைஃபை கடைகளுக்கு வந்தது, செல்போன்களே இணையம் கொடுக்கத் தொடங்கின. 2004-இல் ரிகோஷே மறுபடி கைமாறியது. 2008-இல் டென்வரிலும் விளக்கணைத்தார்கள். மற்ற ஊர்களில் பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே தொங்கின. மாநகராட்சிக்காரர்கள் பல்பு மாற்றவோ கம்பம் மாற்றவோ ஏறும்போது ஒவ்வொன்றாக இறங்கியவையும் உண்டு.

பயனாளர்களிடம் இருந்த மோடங்களின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. பொதுவாக இணைய நிறுவனம் செத்தால் வீட்டில் இருக்கும் அதன் கருவி அன்றே குப்பை. தமிழ்நாட்டிலும் டாடா ஃபோட்டான், எம்டிஎஸ் எம்பிளேஸ், ரிலையன்ஸ் நெட்கனெக்ட் என்று சிடிஎம்ஏ டாங்கிள்களை மடிக்கணினியில் செருகிய தலைமுறை ஒன்று உண்டு. அந்தச் சேவைகள் போனதும் டாங்கிள்கள் மேசை இழுப்பறையில் ஒதுங்கிவிட்டன. ரிகோஷே மோடத்துக்கு அந்தக் கதி வரவில்லை. கம்ப நெட்வொர்க் இல்லாவிட்டாலும் இரண்டு மோடங்கள் தமக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஒன்றின் வரிசை எண்ணை இன்னொன்று டயல் செய்தால் போதும். ஆகவே இணைய ஏலத்தில் சல்லிசான விலைக்கு வந்த மோடங்களைப் பொழுதுபோக்குப் பொறியாளர்கள் வாங்கினார்கள். லினக்ஸில் அதற்கான மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. தூரத்தில் இருக்கும் ரோபோவை ஓட்டவும், கொட்டகையில் இருக்கும் கணினியை வீட்டோடு இணைக்கவும் பயன்பட்டது. பல கோடி டாலர் நெட்வொர்க்கில் மிஞ்சியவற்றுள் உருப்படியாக உழைத்தது அதன் மலிவான பாகம்தான்.

மெட்ரிகாமின் பெட்டிகளை யாரோ ஒருவர் விலை கொடுத்தாவது வாங்கினார். பிலடெல்பியாவில் சும்மா கொடுத்தும் வாங்க ஆளில்லாத நிலை வந்தது.

நகரம் முழுவதற்கும் மலிவு விலையில் வைஃபை என்று மேயர் ஜான் ஸ்ட்ரீட் 2004-இல் அறிவித்தார். சொந்தச் செலவில் கட்டித்தர அட்லாண்டாவின் எர்த்லிங்க் நிறுவனம் ஒப்புக்கொண்டது. மறுபடி அதே விளக்குக் கம்பங்கள், அதே மாதிரிப் பெட்டிகள், இம்முறை வைஃபை. 135 சதுர மைல் நகரத்தின் பெரும்பகுதியில் நெட்வொர்க்கைப் பரப்பினார்கள். பிலடெல்பியாவின் செங்கல் வீடுகளுக்குள் தெருவிலிருந்து அலை ஒழுங்காக நுழையவில்லை. பல வீடுகளில் கூடுதல் கருவி வைத்தால்தான் சிக்னல் கிடைத்தது. சந்தாதாரர்கள் சுமார் 6,000 பேரில் நின்றுபோனார்கள். எர்த்லிங்கில் புதுத் தலைமை வந்து, நகர வைஃபை தொழிலையே கைகழுவ முடிவு செய்தது.

சுமார் 1.7 கோடி டாலர் செலவில் கட்டிய நெட்வொர்க்கை மாநகராட்சிக்கோ, திட்டத்துக்காக அமைத்த தொண்டு நிறுவனத்துக்கோ இலவசமாகவே தருவதாக எர்த்லிங்க் சொன்னது. பேச்சுவார்த்தை முறிந்தது. இலவசமாக வாங்கினாலும் அதை ஓட்ட மாதாமாதம் செலவாகும், பழுது பார்க்க வேண்டும், பெட்டிகளுக்கு மின்கட்டணம் கட்ட வேண்டும். 2008 மே மாதம், ஜூன் 12-ஆம் தேதியோடு சேவையை நிறுத்துவதாக அறிவித்த எர்த்லிங்க், கம்பங்களிலிருந்து கருவிகளைக் கழற்ற அனுமதியும், தன் பொறுப்பு 10 லட்சம் டாலரைத் தாண்டாது என்ற உத்தரவும் கேட்டு நீதிமன்றத்துக்கும் போனது. கடைசி நேரத்தில் உள்ளூர் முதலீட்டாளர்கள் சிலர் சேர்ந்து நெட்வொர்க்கை எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்றரை ஆண்டு கழித்து, 2009 டிசம்பரில், அதே மாநகராட்சி அதே நெட்வொர்க்கை 20 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. முதலில் இலவசமாக வந்ததை வேண்டாம் என்றுவிட்டுப் பிறகு காசு கொடுத்து வாங்கியதைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் இடையில் ஒன்று மாறியிருந்தது. பொதுமக்களுக்கு இணையம் விற்கும் யோசனையை மாநகராட்சி விட்டுவிட்டது. காவல்துறைக் கேமரா, அதிகாரிகளின் களப்பணி, மீட்டர் கணக்கெடுப்பு போன்ற சொந்த வேலைகளுக்கு வேண்டுமென்று வாங்கியது. டெக்சாஸ் மாநிலத்தின் கார்பஸ் கிறிஸ்டி இதற்கு முன்னோடி. அந்த நகரம் தண்ணீர், எரிவாயு மீட்டர்களைத் தொலைவிலிருந்து படிப்பதற்காகத்தான் முதலில் வைஃபை கட்டியது. பிறகு எர்த்லிங்குக்கு விற்றது. எர்த்லிங்க் விலகியபோது திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வேலையைத் தொடர்ந்தது. மீட்டர் படிக்கிற நெட்வொர்க்குக்குச் சந்தாதாரர் தேட வேண்டியதில்லை.

இதுவரை சொன்ன நெட்வொர்க்குகள் பெரும்பாலும் உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் ஓடியவை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் திறந்துவிட்ட அலைவரிசை என்பதால், கம்பெனி விழும்போது விற்பதற்குப் பெட்டியைத் தவிர அதிகம் ஒன்றும் இருக்காது. உரிமம் பெற்ற அலைக்கற்றை கையில் இருந்தால் கதையே வேறு. அதற்கு வின்ஸ்டார் சாட்சி.

நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட வின்ஸ்டார், அலுவலகக் கட்டடங்களுக்குக் கம்பியில்லா அதிவேக இணைப்பு விற்றது. ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் சின்ன டிஷ், எதிரே இன்னொரு கட்டடத்தின் மாடியில் இன்னொன்று. தெருவைத் தோண்டி கேபிள் போடும் செலவு மிச்சம். ஆயிரக்கணக்கான கட்டடங்களில் டிஷ் வைக்கும் உரிமையை அந்த நிறுவனம் எழுதி வாங்கியது. கருவிகளை விற்றது லூசென்ட். வாங்குவதற்கான கடனைக் கொடுத்ததும் லூசென்ட்தான். 1998-இல் போட்ட ஒப்பந்தப்படி 200 கோடி டாலர் வரை கடன். தொண்ணூறுகளின் இறுதியில் தொலைத்தொடர்புக் கருவி விற்ற பெரிய கம்பெனிகள் பலவும் செய்த காரியம் இது: தன் பணத்தையே கடனாகக் கொடுத்து, அந்தப் பணத்தால் தன் சரக்கையே வாங்க வைத்து, அதை விற்பனை வருமானமாகக் கணக்கில் காட்டுவது.

2001 ஏப்ரலில் லூசென்ட் கடனை நிறுத்தியது. அதே மாதம் வின்ஸ்டார் திவாலானது. பின்னாளில் வழக்கு நடந்தபோது நீதிமன்றம் கண்டது கவனிக்க வேண்டியது: காலாண்டு முடிவில் தன் விற்பனைக் கணக்கு நன்றாகத் தெரிவதற்காக, வின்ஸ்டாருக்கு அப்போது தேவைப்படாத கருவிகளையும் அதன் தலையில் லூசென்ட் கட்டியிருந்தது. அதாவது விழுந்த கம்பெனியின் கருவிகளில் ஒரு பகுதி, வேலை செய்வதற்காக வாங்கப்பட்டதே இல்லை. 2005-இல் லூசென்ட் 18.8 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

வின்ஸ்டாரின் சொத்துகளை 2001 டிசம்பரில் வாங்கியது நியூ ஜெர்சியின் ஐடிடி. வெளிநாட்டு அழைப்புகளுக்கான காலிங் கார்டு விற்று வளர்ந்த கம்பெனி அது. விலை 4.25 கோடி டாலர். மொட்டை மாடி டிஷ்களும் சுவிட்சுகளும் சில ஆண்டுகளில் மதிப்பிழந்தன. ஐடிடியும் அந்தத் தொழிலிலிருந்து விலகியது. ஆனால் வாங்கிய மூட்டையின் அடியில் 39 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைக்கற்றை உரிமங்கள் இருந்தன. அவ்வளவு உயர்ந்த அலைவரிசை இலையையும் மழையையும்கூடத் தாண்டத் திணறும் என்பதால் அன்று அதை மதித்தவர் குறைவு. ஐடிடி அவற்றைத் தனியாகப் பிரித்து, 2013-இல் ஸ்ட்ரெய்ட் பாத் என்ற சிறு நிறுவனமாக்கியது.

உரிமத்தைத் தக்கவைக்க ஒரு நிபந்தனை உண்டு: அலைக்கற்றையைச் சும்மா வைத்திருக்கக் கூடாது, கருவி வைத்துப் பயன்படுத்த வேண்டும். உரிமங்களைப் புதுப்பித்த காலத்தில் கருவிகள் ஓடுவதாகக் காகிதம் கொடுக்கப்பட்டிருந்தது. 2015-இல் பெயர் சொல்லாத ஒருவரின் அறிக்கை, பல இடங்களில் அப்படி எதுவும் இயங்கவில்லை என்று கிளப்பியது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விசாரணை நடத்தியது. 2017 ஜனவரியில் சமரசம்: 1.5 கோடி டாலர் அபராதம், 196 உரிமங்களைத் திருப்பிக் கொடுப்பது, மிச்சத்தை விற்று அதில் 20 சதவீதத்தை அரசுக்குக் கட்டுவது.

விற்கச் சொன்னது தண்டனை. நடந்தது வேறு. 5ஜி வரப்போகிறது, அதற்கு இப்படிப்பட்ட உயர்ந்த அலைவரிசைதான் வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. ஏடி அண்ட் டி 160 கோடி டாலர் சொன்னது. வெரைசான் போட்டிக்கு வந்தது. சில வாரங்களில் விலை 310 கோடி டாலரில் போய் நின்று, வெரைசான் தட்டிச் சென்றது. கருவி, மாடி உரிமை, வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் சேர்த்து 4.25 கோடிக்குப் போன திவால் கம்பெனியின் காற்று உரிமத்தில் ஒரு பகுதிக்கு இந்த விலை. அபராதமாகப் பிடித்த பங்கிலேயே வின்ஸ்டாரைப் பல தடவை வாங்கியிருக்கலாம். டிஷ்களுக்கும் இந்தத் தொகைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்ததாகச் சொல்லப்பட்ட கருவி இல்லாமல் போனதால்தான் விற்பனையே நடந்தது.

விண்வெளிக்கும் இது பொருந்தும். செயற்கைக்கோள் வழியே இணையம் தர முயன்ற ஒன்வெப் 2020 மார்ச்சில் திவாலானபோது அதன் 74 செயற்கைக்கோள்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. பிரிட்டன் அரசும் பாரதி குழுமமும் ஆளுக்கு 50 கோடி டாலர் போட்டு வாங்கின. இன்னும் பல நூறு கோள்களை ஏவினால்தான் நெட்வொர்க் முழுமை பெறும் என்ற நிலையில், 74 கோள்களைவிட அந்த நிறுவனத்தின் கையிலிருந்த அலைக்கற்றை முன்னுரிமைக்கே மதிப்பு அதிகம். மீதிக் கோள்களில் 72, இரண்டு தவணையாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது பின்கதை.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு ஏர்செல் என்று பெயர். 1999-இல் சி.சிவசங்கரன் தொடங்கி, இங்கிருந்தே வளர்ந்த நிறுவனம். ‘பாக்கெட் இன்டர்நெட்’ திட்டத்தின் மூலம் கல்லூரி மாணவர்கள் பலருக்கு முதன்முதலில் கையில் இணையம் கொடுத்ததும் அதுதான். 2018 பிப்ரவரியில் ஒரு நாள் திடீரென்று சிக்னல் போய், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஏர்செல் அலுவலகங்களின் முன் கூட்டம் அலைமோதியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மாதக் கடைசியில் திவால் மனு போடப்பட்டது.

அந்த நேரத்தில் ஏர்செல்லிடம் என்னென்ன இருந்தன என்று பார்த்தால், பெரிய பெரிய துண்டுகள் முன்பே வெட்டி விற்கப்பட்டிருந்தன. 4ஜிக்கான 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை, தமிழ்நாடு உள்பட எட்டு வட்டங்களில், 2016-இல் 3,500 கோடி ரூபாய்க்கு ஏர்டெல்லிடம் கொடுக்க ஒப்பந்தமாகியிருந்தது. டவர்களையோ அதற்கும் முன்பே, 2010-இல், ஜிடிஎல் குழுமத்துக்கு விற்றாகிவிட்டது: 17,500 டவர்கள், 8,400 கோடி ரூபாய். விற்றுவிட்டு அதே டவர்களில் வாடகைக்கு இருந்தது ஏர்செல். எஞ்சியிருந்த அலைக்கற்றை விஷயத்தில், அது அரசுடையதா, கடன் கொடுத்த வங்கிகள் கைவைக்கலாமா என்ற சண்டை தீர்ப்பாயம், நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் நடந்தது. இரும்புக்கு வந்த சண்டை வேறு வகை.

ஏர்செல் போனதும் ஜிடிஎல்லின் டவர்கள் பலவற்றில் குடியிருந்த ஒரே வாடகைதாரர் போய்விட்டார். வாடகை வராத டவருக்குக் காவலாளி எதற்கு, டீசல் எதற்கு? நிலத்துக்காரருக்கோ வீட்டுக்காரருக்கோ கொடுக்க வேண்டிய வாடகையும் பல இடங்களில் தடைப்பட்டது. கரோனா ஊரடங்கில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பிறகு ஈரோடு பக்கம் ஒரு டவரைப் பார்க்கப் போனால் அங்கே டவரைக் காணோம். தொடர்ந்து எண்ணிப் பார்த்ததில் மாநிலம் முழுக்க 600-க்கும் மேற்பட்ட டவர்கள் இல்லை என்று நிறுவனம் புகார் கொடுத்திருப்பதாக 2022 ஜூனில் செய்தி வந்தது. அதே ஆண்டு பாட்னாவில், கம்பெனி ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த கும்பல் ஒன்று வீட்டுக்காரர் கண்ணெதிரே கேஸ் கட்டர் வைத்து டவரை அறுத்து லாரியில் ஏற்றிப் போனது. மாதக்கணக்கில் வாடகை பார்க்காத வீட்டுக்காரர், இப்போதாவது எடுக்கிறார்களே என்று விட்டுவிட்டார்.

அமெரிக்கப் பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் தொங்கியதற்கும் இங்கே டவர்கள் காணாமல் போனதற்கும் காரணம் ஒன்றே: அவற்றைக் கழற்றும் கூலியும், கழற்றியதை விற்றால் கிடைக்கும் காசும். அங்கே கூலி அதிகம், பெட்டியில் உலோகம் கொஞ்சம். இங்கே கூலி குறைவு. துத்தநாகம் பூசிய எஃகு டன் கணக்கில் நிற்கிறது, கூடவே 48 வோல்ட் பேட்டரி வரிசை, டீசல் ஜெனரேட்டர், செம்புக் கேபிள். வரிசையும் பெரும்பாலும் இதுதான். தூக்க எளிதான பேட்டரி முதலில் போகும். ஈயத்துக்குப் பழைய இரும்புக்கடையில் நல்ல விலை. அப்புறம் கேபிள், ஜெனரேட்டர். டவர்தான் கடைசி. ‘திருட்டு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் நடந்திருப்பது ஒரு நிறுவனம் நேரம் கிடைத்திருந்தால் ஆள் வைத்துச் செய்திருக்கக்கூடிய அதே வேலை. பணம் மட்டும் வேறு சட்டைப்பைக்குப் போனது.

முறையாக விற்பவர்களும் உண்டு. தொலைத்தொடர்புக் கருவிகளைப் பழையதாக வாங்கி விற்பதற்கென்றே உலகெங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது ஆன்டெனாவை அல்ல. மையத்தில் இருக்கும் ரவுட்டர், சுவிட்ச், அவற்றின் கார்டுகள். இவை எந்த நெட்வொர்க்கிலும் பொருந்தும், ஏசி அறையில் தூசி படாமல் இருந்தவை, லாரியில் ஏற்ற ஏணி வண்டியும் வேண்டாம். விலையை இறக்குவது மென்பொருள்தான். சிஸ்கோ போன்ற தயாரிப்பாளர்கள், பெட்டியை யாரும் விற்கலாம், உள்ளே ஓடும் மென்பொருளின் உரிமம் மட்டும் தானாகக் கைமாறாது என்கிறார்கள். வாங்குகிறவர் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். புதுப்பித்து விற்கப்படாதவை மின்கழிவைப் பிரிப்பவர்களிடம் போகும். சர்க்யூட் போர்டுகளில் இருக்கும் தங்கமும் செம்பும் அங்கே பிரியும்.

அப்படிக் கைமாறும் ரவுட்டர்களுக்குள் வேறொன்றும் சேர்ந்து போகிறது. ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பழைய சந்தையில் 18 ரவுட்டர்களை வாங்கிப் பார்த்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். சோதிக்க முடிந்த 16-இல் 9 ரவுட்டர்களில் பழைய முதலாளியின் அமைப்பு விவரங்கள் அழிக்கப்படாமல் முழுதாக இருந்தன: உள் நெட்வொர்க்கின் வரைபடம், பிற நிறுவனங்களோடு இணையும் ரகசியச் சாவிகள், வாடிக்கையாளர் விவரங்கள். இவற்றில் பல, உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனங்களுடையவை. அழிப்பதற்கென்று ஆள் வைத்திருப்பவர்கள். ஊழியர்கள் எல்லாரையும் ஒரே வெள்ளிக்கிழமையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டும் கம்பெனியில் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், அழிக்கும் கட்டளையை யார் கொடுப்பார்? ஆய்வாளர்கள் பழைய உரிமையாளர்களைத் தொடர்புகொண்டு, உங்கள் சாவிகள் எங்களிடம் இருக்கின்றன என்று சொல்ல முயன்றார்கள். சிலர் உடனே நடவடிக்கை எடுத்தார்கள். சிலர் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டும் பதிலே போடவில்லை.